உளிக்கலப்பை

இராசிபுரத்துக்குப் பக்கத்தில் என் மாமாவுக்கு மூன்று ஏக்கர் செம்மண் காடு உண்டு. அந்தப் பக்கம் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது. மண் என்னவோ பழைய மண்தான். ஒரு தை மாதம் அங்கே குச்சிக்கிழங்கு பிடுங்கும்போது நானும் வரப்பில் நின்றிருந்தேன். வந்ததெல்லாம் கட்டையும் குட்டையும். சில கிழங்குகள் ஒரு சாண் இறங்கி, சுவரில் முட்டினாற்போல் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன.

“உள்ளே யாரோ தளம் போட்டுட்டாங்க, மாப்ளே!” என்று மாமா கடப்பாரையால் குத்திக் காட்டினார். ணங்கென்றது.

தளம் போட்டது யார்? பாதி இயற்கை. மேல்மண்ணிலுள்ள களித்துகள் மழையோடு கீழே இறங்கித் தங்குகிறது. இரும்பும் சுண்ணாம்பும் அதைக் காரை போலப் பிணைத்துவிடுகின்றன. மீதி நம் கைவேலை. ஆண்டாண்டாய் ஒரே ஆழத்தில் கொழு உரசிப் போனால், அதன் அடிமண் அழுந்தி இறுகாமல் என்ன செய்யும்? இப்போது டிராக்டரின் பாரம் வேறு.

உடனே நாட்டுக்கலப்பையைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். அப்படிச் சிரித்தவர்கள் முன்பே இருந்தார்கள். 1860-களில் சென்னைக் கவர்னராயிருந்த சர் வில்லியம் டெனிசன் சீமையிலிருந்து நீராவிக் கலப்பைகளைத் தருவித்தார். சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை ஏற்பட்டது. யந்திரம் வந்தது, குடியானவன்தான் வரவில்லை. பிடிவாதக்காரன் என்றார்கள். 1889-ல் இந்தியா வந்த வோயல்க்கர் என்ற ரசாயன நிபுணர் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து, 1893-ல் வெளியான அறிக்கையில் குடியானவன் பக்கமே பேசினார். அவன் கலப்பை அவன் மாட்டின் பலத்துக்கு ஏற்றது. மண்ணை ஆழப் புரட்டினால் உள்ள ஈரமும் போய்விடும் என்பது அவர் கட்சி.

வோயல்க்கர் சொன்னது நியாயம். மாமாவின் கோணல் கிழங்கும் பொய்யல்ல.

1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906-ல் கோயமுத்தூருக்குப் போயிற்று. அதன் வழிவந்த பல்கலைக்கழகம் இன்று சிபாரிசு செய்வது உளிக்கலப்பையை. அது மண்ணைப் புரட்டுவதில்லை, கீறுகிறது. அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கிலும் குறுக்கிலும், ஒன்றரை அடி ஆழம், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை.

மாமா பங்குனி வரை காத்திருந்தார். ஈரத்தில் கீறினால் உளி போன தடம் மட்டும் விழும். காய்ந்திருந்தால்தான் தளம் பாளம் பாளமாக வெடிக்கும். வாடகைக்கு வந்தது சின்ன டிராக்டர். இரண்டு உளி மாட்டியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒன்றைக் கழற்றிய பிறகு முனகிக்கொண்டே நகர்ந்தது. வேலை இரட்டித்தது, வாடகையும் இரட்டித்தது. கையிலிருந்த பணத்துக்கு ஒரு ஏக்கர்தான் ஆயிற்று.

முதல் மழை பெய்த மறுநாள் மாமா கடப்பாரையோடு போனார். கீறிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிற்று. அடுத்த ஏக்கருக்கு நடந்து போய்க் குத்தினார். ணங்கென்றது.