சித்திரவதைக்கூடமும் சுதந்திரமும்

மனிதன் எந்நிலையிலும் சுதந்திரமுடையவன் என்பது இருத்தலியல்வாதிகளின் கொள்கை. பசித்தவனுக்கும் விலங்கிடப்பட்டவனுக்கும் சுதந்திரம் ஏது என்று முற்போக்காளர் பலர் வினவினர். வினா நியாயமானதே. எனினும், இக்கொள்கை எத்தகைய சூழலில் வலுப்பெற்றது என்பதை அறியாது அதனைத் தள்ளிவிடுதல் முறையன்று.

1940 ஜூன் மாதத்தில் பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தது. போர்க்கைதியான ஜோன் போல் சார்த்தர் 1941 இல் விடுதலையாகிப் பாரிஸ் திரும்பி, ‘சோசலிசமும் சுதந்திரமும்’ என்னும் எதிர்ப்புக் குழுவை நண்பர்களுடன் அமைத்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1943 இல் ‘இருத்தலும் இன்மையும்’ என்னும் அவரது தத்துவ நூல் வெளிவந்தது. பாரிஸ் விடுதலையடைந்தபின், 1944 செப்டெம்பரில், அவர் ஒரு கட்டுரை வரைந்தார். பகைவன் கையிற் சிக்கி வதையுறும் போராளி, தோழரைக் காட்டிக்கொடுப்பதா, வாய்மூடி இறப்பதா எனத் தனிமையில் முடிவுசெய்யும் அக்கணத்திலேயே சுதந்திரத்தின் ஆழத்தை அவர் கண்டார்.

ஆனால், ஜேர்மனியின் தோல்வியைப் பிரான்ஸ் கொண்டாடிய 1945 மே 8 ஆம் நாளிலேயே, அதன் குடியேற்ற நாடான அல்ஜீரியாவின் செத்திப் நகரில், விடுதலைக் கொடி ஏந்திச் சென்ற மக்கள்மீது பொலிசார் சுட்டனர். தொடர்ந்து மூண்ட கலகத்தை அடக்கியபோது ஆயிரக்கணக்கான அல்ஜீரியர் மாண்டனர். 1954 இல் விடுதலைப் போர் வெடித்தது. 1957 இல் அல்ஜியர்ஸ் நகரில், பொதுவுடைமைப் பத்திரிகையாளர் ஹென்றி அலெக்கைப் பிரெஞ்சுப் படையினர் சித்திரவதை செய்தனர். தமக்குப் புகலிடம் தந்தோர் பெயரை அவர் வெளியிடவில்லை. நேற்று வதையுற்ற நாடு இன்று வதைக்கும் நாடாயிற்று! அலெக் எழுதிய ‘வினா’ என்னும் நூலை 1958 இல் வெளியிட்ட மினுயி பதிப்பகம், ஜேர்மனியரின் ஆட்சிக்காலத்தில் இரகசியமாகப் பிறந்தது. பிரெஞ்சு அரசு அந்நூலைப் பறிமுதல் செய்தது.

அலெக்கின் மௌனம் எமக்கு இரண்டு உண்மைகளைக் கூறுகிறது. அடக்குமுறையின் உச்சத்திலும் மனிதன் ‘முடியாது’ என மறுக்க வல்லவன். இதில் இருத்தலியல்வாதிகள் கூறியது சரியே. ஆயினும் அம்மௌனம் தனிமனிதனின் பெருமைக்காகக் காக்கப்பட்டதன்று. வெளியிலிருந்த தோழருக்காகக் காக்கப்பட்டது. அம்மறுப்பு மட்டும் வதைக்கூடத்தின் கதவைத் திறந்துவிடவில்லை. மக்கள் போராட்டமே 1962 இல் அல்ஜீரியாவை விடுவித்தது. சார்த்தரும் 1960 இல் வெளியிட்ட தம் பெருநூலில், வறுமையும் பற்றாக்குறையும் மனிதரை எவ்வாறு பிணிக்கின்றன, கூட்டாகச் செயற்படுவோர் அப்பிணிப்பை எவ்வாறு அறுக்கின்றனர் என்றே ஆராய்ந்தார்.

ஆசிரியரும் மாணவரும் சிந்திக்க வேண்டியது இதுவே. மறுக்கும் துணிவு தனிமனிதனின் நெஞ்சில் தோன்றலாம். அத்துணிவுடையோனைத் தனியே சாகவிடாத சமுதாயத்தை ஆக்குவது நம் அனைவரின் கடன்.