தஞ்சை அரசர் எழுதிவைத்த நோய்க்குறிப்புகள்

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில், சுவடிகளுக்கும், மராத்தியின் மோடி எழுத்தில் உள்ள ஆவணங்களுக்கும் நடுவே, கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புத் தாள்கள் இருக்கின்றன. தஞ்சையின் மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜியின் காலத்தவை. வந்தவர் யார், கண்ணில் என்ன கோளாறு, என்ன வைத்தியம், பிறகு எப்படித் தேறினார் என்று மோடியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். சிலருடைய கண்ணைப் படமாக வரைந்தும் வைத்திருக்கிறார்கள்.

1798இல் பட்டத்துக்கு வந்த சரபோஜி, மறு ஆண்டே நாட்டைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. காவிரிப் பாசன நெல்லின் வரி அவர்களுக்குப் போனது. அரசருக்கு மிஞ்சியது கோட்டையும் உதவித்தொகையும். அவர் நூல்களிலும் மருத்துவத்திலும் இறங்கினார். அவருடைய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடந்தன. கைகண்ட முறைகளைத் தமிழ்ப் பாடல்களாக்கியதில் பிறந்தவையே 'சரபேந்திர வைத்திய முறைகள்'. ஆனாலும் பாடல்களைவிட அந்த நோயாளித் தாள்களே பெரிய செல்வம். பாடல் மருந்தைச் சொல்கிறது. தாளில் ஒரு மனிதர் இருக்கிறார். பிற்காலத்தில் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியும் சங்கர நேத்ராலயா மருத்துவர்களும் சேர்ந்து அவற்றை ஆராய முடிந்தது அதனால்தான்.

கண்ணைப் பார்த்து வரையலாம். கழுத்துக்குள் இருக்கும் கட்டியை என்ன செய்வது?

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் மிக அரிதாக ஹீமாஞ்சியோமா என்னும் ரத்தநாளக் கட்டி வரும். புற்றுநோய் அல்ல. எச்சில் விழுங்கும்போது சாதாரணக் கழலையைப் போலவே ஏறி இறங்கும். ஊசியால் உறிஞ்சினால் பெரும்பாலும் ரத்தம்தான் வரும். செல் போதவில்லை என்று அறிக்கை திரும்பும். ஸ்கேனிலும் மற்றக் கழலைகளிலிருந்து பிரித்தறிவது கடினம். எம்.ஆர்.ஐ. படம் சில சமயம் துப்புக் கொடுக்கும். பெரும்பாலும் அறுவைக்குப் பிறகே, நுண்ணோக்கியில் ரத்தம் நிரம்பிய குழிகளைக் கண்டு நோய்க்குப் பெயர் வைக்கிறார்கள்.

இந்தக் கட்டியைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, சரபோஜியின் தாள்களைப் போலவே, எங்கோ ஒரு மருத்துவர் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதிய குறிப்புகளின் தொகுப்பு. 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு காவிரி டெல்டாவின் ஊர்களிலிருந்து கழுத்துக் கட்டியோடு வருபவர்களில் ஒருவருக்கு ஊசியில் திரும்பத் திரும்ப ரத்தமே வந்தால், இத்தகைய ஒற்றை நோயாளிக் குறிப்புகளைப் படித்த மருத்துவர் ரத்தநாளக் கட்டியையும் நினைத்துப் பார்ப்பார். அறுவையின்போது ரத்தம் கூடுதலாகப் போகக்கூடும் என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்வார்.