ஃபைபர் படகில் ஆழ்கடலுக்குப் போறீங்களா? கரையிலேயே சரிபார்க்க வேண்டியது என்னென்ன? முழு விவரம்

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்..." மழைக்காலம் வந்தாலே டிவி திரையின் கீழே ஓடும் வரி இது. சரி, எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில் கிளம்பும் படகு பத்திரமாகத் திரும்பிவிடுமா? அதற்கு கரையில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? மூன்று, நான்கு பேர் போகும் ஃபைபர் படகை வைத்து இங்கே பார்க்கலாம்.

ஏன் கரையிலேயே முடிவு செய்யணும்?

2017 நவம்பர் 29ம் தேதி இலங்கைக்கு அருகே காற்றழுத்த தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலையிலேயே கன்னியாகுமரி கடலில் அது ஒக்கி புயலாக மாறிவிட்டது. குமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் ஏராளமான மீனவர்கள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை. பலர் திரும்பி வரவில்லை.

காரணம் எளிமையானது. கரையிலிருந்து 10, 12 கி.மீ. தாண்டினால் செல்போன் சிக்னல் கிடைக்காது. மீன் தேடி 50 கடல் மைல், அதாவது 90 கி.மீ.க்கும் மேல் போகிறவர்களுக்கு கையில் இருக்கும் போன் வெறும் டார்ச் லைட்தான். அதனால், கடலுக்குள் போன பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விடும் ஒவ்வொரு விஷயமும் ஆபத்துதான்.

வானிலையில் எதைப் பார்க்கணும்?

வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையில், "மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்" என்ற வரியை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றில் சின்னப் படகு தாங்காது. அதைவிடக் குறைவான காற்றிலும் சிரமம்தான். இன்று மட்டும் இல்லாமல், திரும்பி வரும் நாள் வரைக்கும் முன்னறிவிப்பு என்ன என்று பார்க்க வேண்டும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை உண்டு. 1ம் எண் என்றால் தொலைவில் ஒரு வானிலை அமைப்பு உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். "1ம் எண் தானே" என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த 'தொலைவு' துறைமுகத்துக்குத்தான். நீங்கள் போகும் இடமே அந்தத் தொலைவாக இருக்கலாம்.

அடுத்து அலை. அலை எவ்வளவு உயரம் என்பது மட்டும் கணக்கில்லை. எவ்வளவு செங்குத்தாக எழுகிறது, எத்தனை திசையிலிருந்து வருகிறது என்பதும் படகைக் கவிழ்க்கும். இதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், சிறிய படகுகளுக்கென்றே 2020 முதல் தனி எச்சரிக்கை தருகிறது. 7 மீட்டர் வரை அகலமுள்ள படகுகளுக்கு இது பொருந்தும். 10 நாள் முன்பே ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

காற்றே இல்லாத, வெயில் அடிக்கும் நாளிலும் கடல் திடீரெனப் பொங்கும். இதுதான் 'கள்ளக்கடல்'. இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கோ வீசிய புயலில் கிளம்பிய அலை, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது, கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நேரத்தில்தான். வானம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்பிப் படகை இறக்கக் கூடாது என்பது இதனால்தான்.

டீசல், பெட்ரோல் எவ்வளவு போடணும்?

மூன்றில் ஒரு பங்கு கணக்குதான் உலகம் முழுக்கப் படகோட்டிகள் வைத்திருப்பது. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. 30 லிட்டர் இருந்தால் 10 லிட்டர் தீரும்போதே திரும்பிவிட வேண்டும். "போன அளவுதானே வரவும் ஆகும்?" என்று கேட்கலாம். ஆகாது. வரும்போது படகில் மீன் பாரம் இருக்கும். காற்றும் நீரோட்டமும் எதிராகத் திரும்பியிருந்தால் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

இன்ஜினை கரையிலேயே ஓட்டிப் பாருங்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா, டியூபில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் இறக்கியதும் இன்ஜினின் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதா என்று கவனியுங்கள். அடிக்கவில்லை என்றால் இன்ஜின் சூடாகி நடுக்கடலில் நின்றுவிடும். மாற்று ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட் செய்யும் கயிறு, ஸ்பேனர் செட் எப்போதும் படகில் இருக்க வேண்டும். வலை சுற்றினால் அறுக்க ஒரு கத்தியும் வேண்டும்.

இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிறை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது முக்கியம். அவர் தவறி விழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால், ஆளை விட்டுவிட்டு படகு போய்க்கொண்டே இருக்கும்.

லைஃப் ஜாக்கெட்... வைத்திருந்தால் போதுமா?

போதாது, போட்டிருக்கணும். வலை இழுக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது, வேர்க்கிறது என்று கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவது வழக்கம். ஆனால் படகு கவிழ சில நொடி போதும். தேடி எடுத்து மாட்ட அப்போது நேரம் இருக்காது. வேலை நேரம் முழுக்கப் போட முடியாவிட்டாலும் அலை அடிக்கும் இடத்தைக் கடக்கும்போதும், இரவிலும், கடல் கொந்தளிக்கும்போதும் கட்டாயம் போட வேண்டும். நீச்சல் தெரியும் என்பது பதில் இல்லை. தலையில் அடிபட்டு மயங்கியவரால் நீந்த முடியாது.

இதோடு கூடுதலாக ஒரு நாளுக்கான குடிதண்ணீர், விசில், டார்ச், நங்கூரமும் நீளமான கயிறும், தண்ணீர் இறைக்க வாளி, தனியாக ஒரு திசைகாட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். கருவி நின்றுபோனாலும் திசைகாட்டி வேலை செய்யும்.

ஆபத்து நடுக்கடலில் மட்டுமா?

இல்லை. கரைக்கு வந்துவிட்டோம் என்று நிம்மதியாகும் இடத்திலும் உயிர் போயிருக்கிறது. குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்திலும், திருவனந்தபுரம் மாவட்டம் முதலப்பொழியிலும் படகு கவிழ்ந்து பல மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறையும்போது, உள்ளே வரும் அலை அங்கே செங்குத்தாக எழுந்து உடையும். அந்த நேரத்தில் படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் அவ்வளவுதான்.

அவசரப்படாமல் வெளியே நின்று அலைகளைக் கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அதன்பின் சிறிது நேரம் அடங்கும். அந்த இடைவெளியில்தான் உள்ளே வர வேண்டும். அலை அடங்கவில்லை என்றால் வெளியிலேயே காத்திருக்கலாம், இல்லை வேறு இறங்குதளத்துக்குப் போகலாம். ஏல நேரம் தவறினால் நஷ்டம்தான், ஆனால் அது பணத்தோடு போகும்.

பாரத்திலும் கவனம் தேவை. மீனும் ஐஸும் ஒரே பக்கம் குவியக் கூடாது. வலை இழுக்க எல்லோரும் ஒரே ஓரத்தில் நின்றால் படகு சாயும். நிறைய மீன் பட்டாலும், படகு தாங்கும் அளவுதான் ஏற்ற வேண்டும்.

இரவில் வெளிச்சம் இல்லாமல் படுத்துத் தூங்குவது இன்னொரு ஆபத்து. சரக்குக் கப்பலின் மேலிருந்து பார்த்தால் சின்னப் படகு கண்ணில் படாது. பார்த்தாலும் உடனே நிறுத்த முடியாது. 2018 ஆகஸ்டில் கேரளாவின் முனம்பம் அருகே, ஃபைபர் படகைவிடப் பெரிய விசைப்படகு மீதே கப்பல் மோதி குமரி மீனவர்கள் இறந்தார்கள். சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும், ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

பாக் நீரிணையில் மீன் பிடிப்பவர்களுக்கு இன்ஜின் பழுது இன்னொரு சிக்கலையும் கொண்டுவரும். படகு நீரோட்டத்தில் எல்லை தாண்டிப் போனால் இலங்கைக் கடற்படையிடம் சிக்க நேரிடும். அங்கே நங்கூரமும் ஜி.பி.எஸ்.ஸும் கூடுதல் அவசியம்.

நடுக்கடலில் இருந்து தகவல் சொல்வது எப்படி?

கருவிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

• ஜெமினி: 2019ல் வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல், அலை எச்சரிக்கையை உங்கள் போனுக்குத் தரும். ஆனால் இது ஒருவழி. இதிலிருந்து உதவி கேட்க முடியாது.

• டிரான்ஸ்பாண்டர்: இஸ்ரோ உருவாக்கியது. 1 லட்சம் படகுகளுக்குப் பொருத்தும் மத்திய அரசின் திட்டம் 2024ல் தொடங்கப்பட்டது. இருவழித் தகவல், ஆபத்து அழைப்பு இரண்டும் உண்டு.

• ஆபத்து அறிவிப்புக் கருவி: பட்டனை அழுத்தினால் இருக்கும் இடத்தோடு தகவல் போகும். 2024ல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், தகவல் கிடைத்துவிட்டது என்ற பதிலும் வரும்.

• வி.ஹெச்.எஃப். ரேடியோ: 16ம் சேனல் சர்வதேச அவசர சேனல். "மேடே, மேடே, மேடே" என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், ஆட்கள் எத்தனை பேர், என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் போகும் கப்பலுக்கும் கேட்கும்.

இன்ஜின் நின்றால், படகு கவிழ்ந்தால்?

இன்ஜின் நின்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது. ஆழம் அதிகமாக இருந்தால், வாளியையோ வலையையோ நீளமான கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து கடலில் விடுங்கள். படகின் முகம் அலையைப் பார்த்தபடி நிற்கும், அடித்துச் செல்லும் வேகமும் குறையும்.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். ஃபைபர் படகு பெரும்பாலும் மிதந்துகொண்டே இருக்கும். ஹெலிகாப்டரில் தேடுபவர்களுக்கு மனிதத் தலையைவிடப் படகுதான் முதலில் தெரியும். எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல் நீரைக் குடிக்கக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

இதுதான் செலவே இல்லாத பாதுகாப்பு. படகின் பெயர், பதிவு எண், நிறம், போகும் திசை, எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள்... இந்த ஆறு விவரமும் வீட்டிலோ பக்கத்துப் படகுக்காரரிடமோ இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாவிட்டால், தேட வேண்டிய கடல் பரப்பு பல மடங்கு பெரிதாகிவிடும். ஆழ்கடலுக்கு ஒற்றைப் படகாகப் போகாமல் இரண்டு, மூன்று படகுகள் சேர்ந்து போவது நல்லது.

சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால், "காலையில் வந்துடுவாங்க" என்று இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டாம். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் கட்டணமில்லா எண்கள். இந்த இரண்டையும் இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.