சூப்பர்மேன் திருமணம் செய்துகொள்ளலாமா? ஒரு ரசிகர் விவாதத்தின் வரலாறு

இத்தாலியக் குறியியல் அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ 1962இல் சூப்பர்மேனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1972இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபின் அது வெகுசனப் பண்பாட்டு ஆய்வின் அடிப்படை வாசிப்புகளுள் ஒன்றாயிற்று. அதன் மைய வாதம் எளிது. சூப்பர்மேன் தொன்மத் தலைவனைப் போல மாறாதவனாக இருக்க வேண்டும்; ஆனால் அவன் கதை வாரந்தோறும் சந்தையில் புதிதாக விற்கப்பட வேண்டும். மீளமுடியாத எந்தச் செயலும் அவனைக் காலத்துக்குள் தள்ளிவிடும். திருமணம் அத்தகைய செயல். லோயிஸ் லேனை மணந்தால் அவன் மரணத்தை நோக்கி ஓரடி வைத்தவனாவான். எனவே ஒவ்வொரு கதையும் முந்தைய கதையை மறந்துவிட்டு, கனவில் நிகழ்வதுபோல் மறுபடி தொடங்குகிறது.

வகுப்பறைகளில் இக்கட்டுரை பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. எக்கோ விளக்கிய இந்த ஏற்பாட்டை வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்ற கேள்வி எழுவதில்லை. அவர்கள் ஏற்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் நடத்திய விவாதம், ஒரு கதையின் காலத்தை யார் தீர்மானிப்பது என்பது பற்றிய விவாதமாகவே இருந்தது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே தொகுக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு பின்னணி. சூப்பர்மேனே ரசிகர் பண்பாட்டில் பிறந்தவன். அறிவியல் புனைகதை இதழ்களின் தீவிர வாசகராக இருந்த ஜெர்ரி சீகல், 1933 சனவரியில் தாமே உருட்டச்சில் வெளியிட்ட சிற்றிதழில் 'சூப்பர்மேனின் ஆட்சி' என்னும் பொருள்படும் கதையை எழுதினார். படம் வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். அந்தச் சூப்பர்மேன் ஒரு தீயவன். நாம் அறிந்த நாயகன் 1938இல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில்தான் தோன்றினான். அதே இதழில் லோயிஸ் லேனும் தோன்றினாள். கிளார்க் லோயிஸை விரும்புகிறான். லோயிஸ் சூப்பர்மேனை விரும்புகிறாள், கிளார்க்கைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு பேரைக் கொண்டே அமைந்த இந்த முக்கோணம் முதல் நாளிலேயே போடப்பட்டுவிட்டது.

அதை முதலில் உடைக்க முயன்றவரும் சீகலே. 1940இல் அவர் எழுதிய ஒரு கதையில் சூப்பர்மேன் தன் இரகசியத்தை லோயிஸிடம் வெளிப்படுத்துகிறான். அதன்பின் இருவரும் துணைவர்களாகச் செயல்படத் தொடங்குகிறார்கள். பதிப்பகம் அக்கதையை வெளியிடவில்லை. எக்கோ கதையின் உள்ளார்ந்த விதியாக விவரித்தது, அவருக்கு இருபது ஆண்டுகள் முன்பு ஒரு பதிப்பக முடிவாக இருந்தது என்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1958இல் லோயிஸ் லேன் பெயரிலேயே தனி இதழ் தொடங்கி 1974 வரை வந்தது. அதன் தலைப்பே அவளைச் சூப்பர்மேனின் காதலி என்று அறிமுகப்படுத்தியது. மனைவி ஆக்க மட்டும் மறுத்தது. இந்த இழுபறிக்குப் பதிப்பாசிரியர்கள் கண்ட வழி, 'கற்பனைக் கதை' என்று முத்திரையிட்ட கதைகள். 1960 முதல் அத்தகைய கதைகளில் லோயிஸும் சூப்பர்மேனும் மணந்து குடும்பம் நடத்தினார்கள். அடுத்த இதழில் அவை நடக்காதவையாகிவிடும். முழுவதும் கற்பனையான ஓர் உலகத்துக்குள் 'இது கற்பனை' என்று ஒரு பகுதியைப் பிரித்துவைப்பது விந்தையான ஏற்பாடு. ஆயினும் அது ஒன்றை ஒப்புக்கொள்கிறது: வாசகர் வேண்டுவது என்னவென்று பதிப்பகத்துக்குத் தெரிந்திருந்தது.

1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையைத் தொடக்கத்திலிருந்து மாற்றி எழுதினார். வளர்ப்புப் பெற்றோரான ஜோனதனும் மார்த்தாவும் உயிரோடு வைக்கப்பட்டனர். கிளார்க் உண்மையான மனிதன், சூப்பர்மேன் அவன் அணியும் வேடம் என்ற தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. பெற்றோரும் ஊரும் உள்ள மனிதனுக்குத் திருமணம் என்பது இயல்பான அடுத்த கேள்வி. 1990 இறுதியில் காமிக்ஸில் நிச்சயதார்த்தம் நடந்தது. அதே வேளையில் தொலைக்காட்சித் தொடர் ஒன்று உருவாகிக்கொண்டிருந்ததால், இரண்டிலும் திருமணம் பொருந்தி வரவேண்டுமென்று காமிக்ஸ் எழுத்தாளர்கள் அதை ஒத்திவைக்க நேர்ந்தது. திருமணம் இருந்த இடத்தில் அவர்கள் வைத்த கதை 1992 நவம்பரில் வெளிவந்த சூப்பர்மேனின் மரணம். மணமும் மரணமும் ஒன்றுக்கொன்று மாற்றாக அமையும் என்ற எக்கோவின் கூற்றுக்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

அந்தத் தொடர்தான் 1993 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'லோயிஸ் அண்டு கிளார்க்'. டெபோரா ஜாய் லெவைன் உருவாக்கிய இத்தொடரில் டெரி ஹாட்சரும் டீன் கெய்னும் நடித்தனர். தலைப்பில் லோயிஸ் பெயர் முன்னே நிற்கிறது. சண்டைக் காட்சிகளைவிட அலுவலகப் பேச்சும், பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையும், இருவருக்கிடையே சொல்லப்படாத சொற்களும் இதில் மிகுதி. இதைச் சுற்றி, பெண்கள் பெருமளவில் பங்குகொண்ட ஒரு ரசிகர் சமூகம் உருவாயிற்று. தங்களைத் தொடரின் பெயரிலிருந்து அமைத்த முதலெழுத்துச் சுருக்கத்தால் 'ஃபோல்க்' என்று அழைத்துக்கொண்டனர். அது 'மக்கள்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் நினைவூட்டுவது.

இவர்களது விவாதத்தின் கூர்மையை அறிய 1996 பிப்ரவரி போதும். காதலர் தின வாரத்தை ஒட்டித் திருமணம் நடைபெறும் என்று தொலைக்காட்சி நிறுவனம் பெரிதாக விளம்பரம் செய்தது. மணமேடையில் நின்றது லோயிஸ் அல்ல, அவளது நகல் உயிரி. உண்மையான லோயிஸ் கடத்தப்பட்டிருந்தாள். அதைத் தொடர்ந்து நினைவிழப்புக் கதை பல வாரங்கள் நீண்டது. ரசிகர்கள் கொதித்தனர், பலர் பார்ப்பதையே நிறுத்தினர். அவர்கள் கேட்டது மிகை உணர்ச்சியின் பாற்பட்ட கேள்வி என்று சொல்ல முடியாது. கதையில் நிகழ்ந்தது என்று எதை நம்பலாம், பார்வையாளர் இரண்டரை ஆண்டுகள் செலுத்திய கவனத்துக்கு என்ன மதிப்பு என்பதே அவர்கள் வாதம். 1996 அக்டோபரில் காமிக்ஸிலும் தொலைக்காட்சியிலும் உண்மையான திருமணம் நடந்தது. தொலைக்காட்சியில் அந்த அத்தியாயத்தின் தலைப்பே 'இம்முறை விளையாட்டில்லை' என்று சத்தியம் செய்யும் வகையில் அமைந்திருந்தது. ரசிகர் சீற்றத்துக்கு நிறுவனம் அளித்த மறைமுகமான பதிலாக அதை வாசிக்கலாம். 1997 சூனில் தொடர் நின்றது. கடைசிக் காட்சியில் அவர்கள் வீட்டில் ஒரு குழந்தை விடப்பட்டிருக்கிறது. அது யார் என்று சொல்லப்படவே இல்லை. வராத ஐந்தாம் பருவத்தை ரசிகர்கள் அத்தியாயம் அத்தியாயமாகத் தாங்களே எழுதினர்.

மொழியியல் மாணவர் என்ற முறையில் இக்காலத்துச் சொற்களிலும் எனக்கு ஆர்வம் உண்டு. 'ஷிப்பர்' என்ற சொல் இதே தொண்ணூறுகளின் நடுவில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் ரசிகர்களிடம் பிறந்தது. உறவு என்னும் பொருளுடைய 'ரிலேஷன்ஷிப்' என்ற சொல்லின் வால் தனியே பிரிந்து முதலில் பெயராகவும், பிறகு வினையாகவும் ஆயிற்று. காதல் வேண்டாம் என்றவர்கள் 'நோரோமோ' எனப்பட்டனர். 2001 முதல் 2011 வரை வந்த 'ஸ்மால்வில்' தொடரின் ரசிகர்கள் கிளார்க்கையும் லானாவையும் சேர்த்துக் 'கிளானா' என்றும், கிளார்க்கையும் லோயிஸையும் சேர்த்துக் 'க்ளோயிஸ்' என்றும் அழைத்தனர். நம் உம்மைத்தொகையில் இரு பெயர்களும் முழுமையாக நிற்கும், உம்மை மட்டும் மறையும். இங்கே இரு பெயர்களும் உடைந்து ஒன்றாகின்றன. கதையில் இன்னும் நிகழாத இணைவைச் சொல்லில் முன்கூட்டியே நிகழ்த்திவிடுவதே இச்சொல்லாக்கத்தின் வேலை.

இத்தகைய பேச்சை விளங்கிக்கொள்ளத் தமிழ் மரபில் ஒரு கருத்தாக்கம் உண்டு. அகப்பொருள் இலக்கணம் களவையும் கற்பையும் இரு நிலைகளாகப் பிரிக்கிறது. களவை வெளிப்படுத்துவன அம்பலும் அலரும். ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். வெளிப்படையாகப் பேசுவது அலர். அலர் தலைவிக்குத் துன்பம் தருவது. ஆனால் வரைவை விரைவுபடுத்தவும் தோழி அதையே எடுத்துக்காட்டுகிறாள். ஊரின் பேச்சு கதைக்கு வெளியே நிற்கும் இரைச்சலன்று. தலைவனைக் காலத்துக்குள் இழுக்கும் விசை. இரகசிய அடையாளத்தோடு காதலிக்கும் நாயகனின் கதை களவுக் கதையே. ரசிகரின் பேச்சு அதற்கு அலர். சங்க அகத்தையும் அமெரிக்கத் தொடரையும் ஒன்றெனச் சொல்லவில்லை; பேச்சுக்குக் கதையை நகர்த்தும் ஆற்றல் உண்டு என்பதைப் பார்க்க இக்கருத்தாக்கம் உதவுகிறது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகப் பதிவுசெய்ய வேண்டும். திருமணம் ஆனபின் கதையின் இழுவிசை போய்விடும், சாகசக் கதை குடும்பத் தொடராகத் தேய்ந்துவிடும் என்று ரசிகர்களில் ஒரு பிரிவினர் எப்போதும் சொல்லிவந்தனர். கதையமைப்பு நோக்கில் இது பொருளற்ற அச்சமன்று. ஆனால் 'குடும்பத் தொடர்' என்ற சொல்லே வசையாகப் பயன்பட்டதில், பெண்களின் வாசிப்பைத் தாழ்வாகக் கருதும் பழைய பழக்கமும் கலந்திருந்தது. 1984இல் ஜானிஸ் ராட்வே காதல் நாவல் வாசகிகளைப் பற்றியும், 1992இல் ஹென்றி ஜென்கின்ஸும் காமில் பேக்கன்-ஸ்மித்தும் தொலைக்காட்சி ரசிகர்களைப் பற்றியும் எழுதிய நூல்கள் இப்பழக்கத்தையே கேள்விக்குள்ளாக்கின.

இந்தியாவில் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. அதில் சூப்பர்மேன் மட்டும் இல்லை. 1984–85இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'ஹம் லோக்' தொடருக்குச் சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்ததாக அரவிந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் தம் ஆய்வுகளில் பதிவுசெய்துள்ளனர். மூத்த மகள் பட்கி மருத்துவர் அஷ்வினியை மணக்கத் தயங்கியபோது, தயக்கத்தை விடும்படி பார்வையாளர்கள் அவளுக்கே கடிதம் எழுதினர். கதை மாந்தரை முகவரியாளராகக் கொண்ட இக்கடிதங்களை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. உண்மையில் அவை, கதை எங்கே செல்ல வேண்டும் என்பதில் தமக்கும் சொல் உண்டு என்ற உரிமைக் குரல்கள்.

மீண்டும் சூப்பர்மேனிடம். 2011 இந்த விவாதத்தில் கசப்பான ஆண்டு. மே மாதத்தில் 'ஸ்மால்வில்' முடிந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் கடைசி அத்தியாயத்தில் மணவிழா தடைப்படுகிறது. ஏழாண்டு கழித்து வரும் இறுதிக் காட்சியிலும் அவர்கள் மணக்க முயன்றுகொண்டே இருக்கிறார்கள். செப்டம்பரில் டிசி காமிக்ஸ் தன் உலகத்தையே புதிதாகத் தொடங்கி, 1996இல் நடந்த திருமணத்தை அழித்தது. பதினைந்து ஆண்டுத் தாம்பத்தியம் நடக்காததாயிற்று. எக்கோ சொன்ன கனவு மீண்டும் திணிக்கப்பட்டது. ஆனால் அது நீடிக்கவில்லை. 2015இல் மணமான இணையர் ஜான் என்ற மகனோடு காமிக்ஸுக்குத் திரும்பினர்.

2021 பிப்ரவரியில் தொடங்கிய 'சூப்பர்மேன் அண்டு லோயிஸ்' இந்த நீண்ட விவாதத்தின் விளைவாகவே எனக்குப் படுகிறது. திருமணத்தில் முடியாமல் திருமணத்துக்கு நெடுங்காலம் பின் தொடங்கும் கதை இது. முதல் அத்தியாயத்திலேயே கிளார்க் வேலை இழக்கிறான், தாய் இறக்கிறாள், பதின்பருவ இரட்டை மகன்களோடு குடும்பம் ஊர் திரும்புகிறது. 2023இல் ஒளிபரப்பான பருவத்தில் லோயிஸுக்கு மார்பகப் புற்றுநோய். தூரத்து உரையாடலையும் கேட்கும் செவிகள் கொண்டவன் மருத்துவமனையில் வெறும் கணவனாக உட்கார்ந்திருக்கிறான். 2024 டிசம்பர் 2 அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயம் பல ஆண்டுகள் முன்னே பாய்ந்து, முதுமையில் லோயிஸ் இறப்பதையும் பிறகு கிளார்க் இறப்பதையும் காட்டியது.

எக்கோ சரியாகவே கணித்திருந்தார். திருமணம் மரணத்தை நோக்கிய ஓரடிதான். அந்த அடியை வைக்க முடியாது என்ற அவரது முடிவு மட்டுமே பிழைத்தது. நாயகன் சாகாமல் இருப்பதைவிட, ஒருத்தியோடு வாழ்ந்து முடிப்பதைக் காண விரும்பிய பார்வையாளர்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் கட்டுரையில் வாசகர் வாரந்தோறும் அதே இன்பத்தை நுகர்பவர் மட்டுமே.

வெகுசனக் கதைகளை ஆயும் நாம் பனுவலையும் நிறுவனத்தையும் படிக்கிறோம். இடையே நடந்த பேச்சை அரிதாகவே சான்றாகக் கொள்கிறோம். அமெரிக்க ரசிகர் எழுத்துக்கு ஓரளவேனும் சேகரிப்புகள் உண்டு. நம் நாட்டில் தொடர்களுக்கும் இதழ்களுக்கும் எழுதப்பட்ட கடிதங்களை, அஞ்சலட்டைகளை யார் பாதுகாத்தார்கள்? வீட்டுப் பெரியவர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குக் கடிதம் எழுதியிருந்தால், அதன் நகலோ வந்த பதிலோ, குறைந்தது எதைக் கேட்டு எழுதினார்கள் என்ற நினைவோ இருந்தால், மறுமொழியில் பதிவுசெய்யுங்கள். எந்த மொழியிலிருந்தாலும் பயன்படும்.