குருவின் சொல்லும் கிற்றார்காரரின் தலைமுடியும்

ஒருவர் யாரிடம் பாடம் கேட்டார் என்பதை அறிய அவருடைய நூல்களைப் புரட்டுவதற்கு முன் அவருடைய தலையைப் பார்த்துவிடலாம். காத்தான்குடி வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கி, அந்த முடியின் எடைக்குரிய வெள்ளியைத் தர்மம் செய்வதில் நம் வாழ்க்கை தொடங்குகிறது. ஹஜ்ஜை முடித்தவர் மழித்த தலையோடு ஊர் திரும்புகிறார். தலையின் ஒரு பகுதியை மழித்து மறு பகுதியை விட்டுவைக்கக்கூடாது என்பது மத்ரஸாவுக்குப் போகும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். வாவிக்கரையோரமாகத் தெற்கே இறங்கினால் வரும் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு, தலை மழித்துக் காவி உடுத்து, விபுலாநந்தர் ஆனார். பழந்தமிழரின் நரம்புக் கருவியை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவரும் அவரே. சமயம் எதுவானாலும், ஒருவர் ஒரு வழியை ஏற்றுக்கொண்டதற்குத் தலைமுடி சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை இந்த வாரம் நமக்கு வெகு தூரத்தில் இருந்த ஒருவரிடம் வைத்துப் பார்ப்போம். அவர் பீட்டில்ஸ் குழுவின் கிற்றார் கலைஞர் ஜோர்ஜ் ஹரிசன்.

அறுபதுகளின் இளைஞர் கூட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் அவர்களுடைய தலைமுடியை நாகரிகம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காற்று அடித்த பக்கம் முடி சாய்ந்தது, அவ்வளவுதான் என்பது அவர்களின் முடிவு. ஹரிசனின் புகைப்படங்களைக் காலவரிசைப்படி அடுக்கிப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. 1958 முதல் 1970 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் தலையில் நேர்ந்த பெரிய மாற்றம் ஒவ்வொன்றும், அவர் ஒரு புதிய ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்த காலத்தை ஒட்டியே வருகிறது. பீட்டில்ஸ் நால்வரில் வயதில் இளையவர் அவர். 1943 பெப்ரவரி 25இல் லிவர்பூலில் ஒரு பஸ் ஊழியரின் மகனாகப் பிறந்தவர். குழுத் தோழர்களான லெனனும் மக்கார்ட்னியும் பாட்டெழுதும் இரட்டையராகப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் ஓரமாக நின்று கற்றுக்கொண்டிருந்தார். கற்கும் இடத்தில் தன்னை முழுதாக ஒப்படைப்பது அவர் சுபாவம். அந்தச் சுபாவத்தின் வரலாற்றை எழுதுவதற்குத் தலைமுடியைப்போல நாள் குறித்த ஆவணம் வேறில்லை. நேர்காணலில் சொல்லும் நினைவு வருடங்களைக் குழப்பும். புகைப்படத்தில் உள்ள முடி எடுத்த அன்று இருந்தபடியே இருக்கும்.

முதல் ஆசிரியரை அவர் நேரில் காணாமலே ஏற்றுக்கொண்டார். அமெரிக்காவின் கார்ல் பேர்கின்ஸ், எல்விஸ் பிரெஸ்லி போன்றோரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கிற்றார் பழகிய பையனின் தலை, எண்ணெய்ப் பூச்சில் மினுங்க, முன்முடி மேல்நோக்கிச் சுருட்டி நிற்கும். பிறில்கிறீம் தடவி வாரிய நம் ஊர்ப் பெரியவர்களின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மினுக்கம் பழக்கமானதுதான். 1960 மே மாதம் ஸ்கொட்லாந்தில் நடந்த சிறிய இசைப் பயணத்தில் அவர் தன் பெயரையே கார்ல் ஹரிசன் என்று வைத்துக்கொண்டார். ஆசிரியரின் விரல் வித்தையோடு அவருடைய பெயரையும் தலைச்சீவலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் மாணவன் ஒரு வாத்தியத்தை மட்டும் படிக்கவில்லை, ஒரு வாழ்க்கை முறைக்குள் நுழைகிறான். ஏகலைவன் கதையை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உறவு விளங்கும்.

அதே ஆண்டு ஓகஸ்ட்டில் குழு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்குப் போனது. ஹரிசனுக்கு அப்போது பதினேழு வயது. இரவு விடுதியில் வாசிக்கும் வயது வரவில்லை என்று நவம்பரில் அவரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். அந்த நகரத்தில்தான் அஸ்ட்ரிட் கெர்ச்சர் என்ற இளம் புகைப்படக் கலைஞரின் வட்டம் அவர்களுக்கு அறிமுகமானது. ஓவியமும் பிரெஞ்சுத் திரைப்படமும் அறிந்த அந்த வட்டமே ஹரிசனின் இரண்டாவது ஆசிரியர். குழுவில் அப்போது இருந்த ஸ்டுவர்ட் சட்கிளிப்பின் முடியை எண்ணெய் இல்லாமல் நெற்றியில் விழவைத்து அஸ்ட்ரிட் வெட்டிவிட்டார். அடுத்து அந்தக் கோலத்துக்குத் தலை கொடுத்தவர் ஹரிசன். லெனனும் மக்கார்ட்னியும் 1961 ஒக்டோபரில் பாரிஸுக்குப் போன பிறகே அதற்கு மாறினார்கள். உலகம் பீட்டில்ஸ் முடி என்று அழைத்ததை அவர்களுக்கு முந்தி ஏற்றுக்கொண்டவர் குழுவின் கடைக்குட்டி என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பிறகு முகாமையாளராக வந்த பிரையன் எப்ஸ்டைன் தோல் மேலங்கியைக் கழற்றவைத்துக் கோட்டு அணியச் செய்து, நால்வரையும் ஒரே அச்சில் வார்த்தார். 1964 பெப்ரவரி 7ஆம் திகதி நியூயோர்க் விமான நிலையத்தில் பத்திரிகையாளர்கள் முடி வெட்டிக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டபோது, நேற்றுத்தான் வெட்டிக்கொண்டதாகப் பதில் சொன்னவர் ஹரிசன். அமெரிக்கக் கடைகளில் பீட்டில்ஸ் பொய்முடி விற்பனைக்கு வந்தது. இதெல்லாம் வெறும் வியாபாரம்தானே என்று கேட்கலாம். 1964இன் ஒரே மாதிரியான நான்கு தலைகள் வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடை திறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த முடி அவர் தலையில் இருந்தது. சந்தை அதை உண்டாக்கவில்லை, எடுத்து விற்றது.

மூன்றாவது ஆசிரியரிடம் வரும்போது ஆதாரம் உறுதியாகிறது. 1965இல் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் சித்தாரைக் கண்ட ஹரிசன், அந்த ஆண்டின் கடைசியில் வந்த இசைத்தட்டில் அதை வாசித்தார். 1966 ஜூனில் சித்தார் மேதை பண்டிட் ரவிசங்கரைச் சந்தித்தார். இங்கிலாந்தின் எஷரில் இருந்த ஹரிசனின் வீட்டுக்கே வந்து அவர் பாடம் தொடங்கினார். பாடத்தின் நடுவே தொலைபேசி ஒலித்தது. எழுந்த ஹரிசன் சித்தாரைத் தாண்டிக் காலை வைத்தார். ரவிசங்கர் அவர் காலில் ஓர் அடி போட்டு, வாத்தியத்துக்கு மரியாதை கொடுக்கச் சொன்னார். கிதாபைத் தரையில் வைத்தால் உஸ்தாதின் பார்வையே சுடும் என்பதை அறிந்து வளர்ந்த நமக்கு அந்த அடியின் பொருள் உடனே பிடிபடும். கோடிக்கணக்கானோர் கொண்டாடிய ஒருவர் அதைக் கோபமின்றி வாங்கிக்கொண்டார் என்பதே அவரைப் பற்றிய பெரிய செய்தி. அந்த ஓகஸ்ட் 29ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் குழுவின் கடைசிக் கட்டண நிகழ்ச்சி முடிந்தது. இரண்டு வாரங்களில் ஹரிசன் மனைவியோடு பம்பாயில் இறங்கினார். யாரும் அடையாளம் காணாதிருக்க மீசை வளர்த்து முடியைக் குறைத்துக்கொண்டு வரும்படி சொன்னவர் ரவிசங்கர்; மாணவர் அப்படியே செய்தார். தாஜ்மகால் ஹோட்டலில் வேறு பெயரில் தங்கியும் மின்தூக்கி இயக்கும் ஊழியர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். கூட்டம் திரண்டதும் குருவும் சீடரும் காஷ்மீரின் தால் ஏரிப் படகு வீட்டுக்குப் போய்ப் பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1967 ஜூனில் வெளிவந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டின் உறையில் நால்வருக்கும் மீசை இருக்கிறது. அப்படியானால் ஹரிசனின் மீசையைக் குருவின் கணக்கில் எழுதுவது எப்படி நியாயமாகும்? அவரவர் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மக்கார்ட்னி 1965 டிசம்பரில் சிறு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து உதட்டில் காயப்பட்டார். தழும்பை மறைக்க மீசை வளர்த்தார். லெனன் 1966 செப்டெம்பரில் ஒரு திரைப்படத்தில் படைவீரனாக நடிக்க முடியை வெட்டினார். ஹரிசன் அதே செப்டெம்பரில் பம்பாயில் இருந்தார். நிகழ்ச்சிப் பயணம் நின்று, ஒரே அச்சில் நிற்க வேண்டிய கட்டாயம் நீங்கியதும் ஒவ்வொருவரும் தனித்தனி வழியே போய், திரும்பி வந்தபோது ஒரே உறையில் சேர்ந்தார்கள். தோற்றம் ஒன்றானதால் காரணமும் ஒன்று என்று முடிவு கட்டுவது வரலாறு எழுதுபவர்கள் வழக்கமாக விழும் குழி. ஒரே மாதிரி தாடி வைத்த இருவரில் ஒருவர் பக்தியால் வைத்திருக்கலாம், மற்றவர் சவர அலகு கிடைக்காமல் வைத்திருக்கலாம்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. ஹரிசன் 1968 பெப்ரவரியில் ரிஷிகேசத்துக்குப் போனார். தன் இருபத்தைந்தாவது பிறந்தநாளை அங்கே கழித்தார். 1969இல் லண்டனின் கிருஷ்ண பக்தர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, அவர்களுடைய மந்திரத்தை இசைத்தட்டாக வெளியிட்டார். அந்தப் பக்தர்கள் தலை மழித்துச் சிகை வைத்தவர்கள். குருவின் வழியே முடி மாறும் என்பது உண்மையானால் அவரும் மழித்திருக்க வேண்டாமா? அவரோ தோளைத் தாண்டிய கூந்தலும் அடர்ந்த தாடியுமாக இருந்தார். விடை ரவிசங்கரிடமே இருக்கிறது. உன்னுடைய வேர் எங்கே என்று அவர் தம் மாணவரிடம் கேட்டார். கலிபோர்னியாவில் அவரோடு நாட்களைக் கழித்துவிட்டு நியூயோர்க்குக்கு வந்த ஹரிசன், 1968இல் ஜிமி ஹென்ட்றிக்ஸையும் எரிக் கிளப்டனையும் அங்கே சந்தித்தார். சித்தாரில் தான் உச்சம் தொட முடியாது, தன் வேர் கிற்றாரில்தான் என்று தெளிந்தார். நல்ல ஆசான் மாணவனைத் தன் நகலாக்குவதில்லை, அவனுக்குரிய இடத்துக்கு அனுப்பிவைக்கிறார். ஹரிசன் மழிக்காமல் இருந்தது குருவை மீறியதால் அல்ல, குருவின் சொல்லைக் கடைசிவரை கேட்டதால். இசையில் இல்லறத்தானாக இருக்கும்படி வந்த கட்டளைக்கு, மழித்த தலை பொய்யான சாட்சியாகியிருக்கும்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. 1970 நவம்பரில் மூன்று தட்டுகளாக வெளிவந்த ‘ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ தொகுப்பின் உறையில், நீண்ட முடியும் தாடியுமாகத் தன் தோட்டத்துப் புல்வெளியில் அமர்ந்திருக்கிறார் ஹரிசன். அதற்குப் பிறகு வந்த மாற்றங்களை எந்த ஆசிரியரின் கணக்கிலும் எழுத முடியாது. எழுபதுகளில் அவர் வைத்த சுருட்டை முடி அந்தக் காலத்தின் பொது நாகரிகம்தான். ஆனால் இது வாதத்தைக் குலைக்கவில்லை. பாடம் முடிந்த பிறகு மாணவனின் தலை அவனுடையதாகிவிடுகிறது. 1980இல் வந்த தன் நூலை அவர் உலகத் தோட்டக்காரர்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த வயதில் அவர் மண்ணிடம்தான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். மண் யாருடைய தலைச்சீவலையும் கேட்பதில்லை.

இளைஞனின் தலையைக் கண்டு சீறுகிற பெரியவர்களுக்கும், சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் இந்த வரலாறு சொல்வது ஒன்றே. ஒரு பையன் சலூன் நாற்காலியில் அமர்ந்து ஒரு படத்தைக் காட்டி இப்படி வெட்டுங்கள் என்று கேட்கும்போது, தான் யாரிடம் கற்க விரும்புகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறான். கத்தரிக்கோலால் அந்த விருப்பத்தை வெட்டிவிட முடியாது. மதிக்கத்தக்க ஆசிரியர் ஒருவரை அவன் முன்னே நிறுத்தினால், ஹரிசனைப்போல அவனும் தானாகத் தலை கொடுப்பான். அந்த உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஹரிசனே சாட்சி: கிழக்குப் பாகிஸ்தானின் அகதிகளுக்காகக் குரு உதவி கேட்டதும், 1971 ஓகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க் மடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்கில் மாபெரும் நிதி திரட்டும் கச்சேரியை அவர் நடத்தினார். அந்தக் கச்சேரி எப்படி உருவானது, வங்காளத்தின் துயரம் உலகின் காதுக்கு எப்படி எட்டியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.