வளைவாளும் பாரசீகச் சொல்லும்

ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட நாளில் கிருஷ்ணகிரிக் கோட்டை மைசூருக்கு உரியதாயிருந்தது. அவர்தம் குதிரைவீரர் ஏந்தியது வளைந்த வாள். நேர்வாள் குத்துதற்கு ஏற்றது. வளைவாளோ விரையும் குதிரைமேலிருந்து வீசுங்கால் சிக்காது சறுக்கி ஆழ வெட்டும். பாரசீகத்தின் வழியே இந்நாடு புகுந்த அவ்வாளை ‘ஷம்ஷீர்’ என்பர். பாரசீக மொழியில் அச்சொல் எவ்வகை வாளையும் குறிக்கும். பிற நாட்டாரே அதனை வளைவாளுக்கு மட்டும் உரியதாக்கினர். வடநாட்டுத் ‘தல்வார்’ என்பது வடமொழித் ‘தரவாரி’யினின்று பிறந்தது. தமிழரோ நேரானதையும் வளைந்ததையும் ‘வாள்’ என்றே வழங்கினர். ஷம்ஷீர் நம் பேச்சில் வேரூன்றவில்லை.

அங்ஙனமாயின் பாரசீகம் இங்கே தடம் பதிக்கவே இல்லையா? 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கம்பெனியாரைச் சேர்ந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூரும் சேர்ந்தது. வாளேந்தியோர் மறைந்தனர். ஆனால் பாரசீக வழி வந்த தாசில்தார், ஜமாபந்தி முதலிய சொற்களைப் புதிய ஆட்சி கைவிடவில்லை. ஆலைகள் சூழ்ந்த இன்றைய ஓசூரிலும், பட்டா மாறுதல் வேண்டும் உழவர் மனுவுடன் காத்திருப்பது ஜமாபந்தியிலேதான். வாளால் வென்ற நிலம் கைமாறிற்று. அந்நிலத்தை அளந்து கணக்கெழுதிய சொற்களே நிலைத்தன.