அஸருக்குப் பின் இரண்டு ரக்அத்



தொழுகையின் சிறப்பை நாம் அடிக்கடி கேட்கிறோம். தொழக்கூடாத நேரங்களும் உண்டு என்பதை ஓரளவு அறிந்திருக்கிறோம். ஆனால், வணங்கச் சொல்லும் மார்க்கமே சில வேளைகளில் வணங்காதே என்று சொல்வது ஏன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

பனூ ஸுலைம் கோத்திரத்தைச் சேர்ந்த அம்ர் இப்னு அபஸா (ரலி) அவர்கள் மக்காவின் ஆரம்ப நாட்களிலேயே இஸ்லாத்தை ஏற்றுத் தம் ஊர் திரும்பியவர்கள். பின்னாளில் மதீனா வந்து, நபி (ஸல்) அவர்களிடம் தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். ஸுப்ஹு தொழுதபின் சூரியன் உதித்து உயரும் வரையிலும், நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்கும்போதும், அஸர் தொழுதபின் சூரியன் மறையும் வரையிலும் தொழுகையை நிறுத்திக்கொள்ளும்படி விடை கிடைத்தது. காரணமும் சொல்லப்பட்டது. சூரியன் ஷைத்தானின் இரு கொம்புகளுக்கிடையே உதிக்கிறது, மறைகிறது; அவ்வேளைகளில் நிராகரிப்போர் அதற்கு ஸஜ்தா செய்கின்றனர். உச்சி வேளையிலோ நரகம் மூட்டப்படுகிறது. இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

சூரிய வணக்கம் அரபு மண்ணுக்குப் புதிதன்று. ஸபா நாட்டு அரசியும் அவளுடைய மக்களும் சூரியனுக்குச் சிரம் பணிந்ததை ஹுத்ஹுத் பறவை கண்டு வந்து சொன்ன செய்தி 27-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. முஃமினின் உள்ளத்தில் சூரியன் இல்லை. ஆயினும் வெளித்தோற்றத்தில்கூட அவர்களுடைய ஸஜ்தாவோடு நம் ஸஜ்தா ஒத்துப்போகக் கூடாது என்பதே இதன் கருத்து.

இனி, உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இல்லத்திற்கு வருவோம். ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் அஸர் தொழுதுவிட்டு அங்கு வந்து, மேலும் இரண்டு ரக்அத் தொழத் தொடங்கினார்கள். அன்னையாருடன் அன்ஸாரிப் பெண்கள் சிலரும் அப்போது இருந்தனர். எந்தத் தொழுகையைத் தடுத்தார்களோ அதையே தொழுகிறார்களே என்று அன்னையார் வியந்தார்கள். ஆனால் மௌனமாக இருந்துவிடவில்லை. பணிப்பெண்ணை அனுப்பி, பக்கத்தில் நின்று இதைக் கேள். கையால் சைகை செய்தால் பின்வாங்கிவிடு என்றார்கள். அப்படியே சைகை வந்தது. அவள் விலகி நின்றாள். தொழுது முடித்தபின் நபியவர்கள் விளக்கினார்கள். அப்துல் கைஸ் கோத்திரத்தார் வந்து பேசிக்கொண்டிருந்ததால் லுஹருக்குப் பிந்திய இரண்டு ரக்அத் தவறிவிட்டது. இவை அவையே என்பது அவ்விளக்கம். எத்துணை மரியாதையான கேள்வி, எத்துணை நேரடியான பதில்!

இச்சம்பவம் நமக்குக் கிடைத்ததே ஒரு கருத்து வேறுபாட்டால்தான். பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) முதலானோர் இதை அறிந்துவரக் குரைப் என்பவரை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுப்பினர். அன்னையார் உம்மு ஸலமாவிடம் கேளுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், அஸருக்குப்பின் தொழுதவர்களை அவர்களுடன் சேர்ந்து தாமும் அடித்ததுண்டு என்று அதே அறிவிப்பில் இப்னு அப்பாஸ் கூறுகிறார்கள். ஏன் இத்தனைக் கடுமை? ஸைத் இப்னு காலித் (ரலி) அவர்களிடம் உமர் அவர்களே அதற்கு விடை சொன்னார்கள். மக்கள் இதை ஏணியாக்கிக்கொண்டு இரவு வரை தொழுதுகொண்டே போவார்கள் என்ற அச்சம்தான் அது. ஆக, தடுக்கப்பட்ட நேரங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சூரியன் உதிக்கும், உச்சியில் நிற்கும், மறையும் கணங்களே மூலம். ஸுப்ஹுக்கும் அஸருக்கும் பிந்திய நேரங்கள் அம்மூலத்தைச் சுற்றிய வேலி.

வேலியை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் இமாம்கள் வேறுபட்டனர். முன்கூட்டியே காரணம் அமைந்த தொழுகைக்கு இத்தடை இல்லை என்பது ஷாஃபி மத்ஹப். தவறிய தொழுகை, பள்ளியில் நுழைந்ததும் தொழும் தஹிய்யத்துல் மஸ்ஜித் ஆகியவை அப்படிப்பட்டவை. உம்மு ஸலமாவின் ஹதீஸ் இதற்கு ஆதாரம். அது நபியவர்களுக்கு மட்டும் உரியது என்பர் ஹனஃபி அறிஞர்கள். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதி. அஸருக்குப்பின் ஒரே பள்ளியில் நுழையும் இருவரில் ஒருவர் தொழுவதும் மற்றவர் அமர்வதும் இதனால்தான். இதற்காக ஒருவரையொருவர் முறைத்துப் பார்ப்பது அறியாமை.

உம்மு ஸலமாவின் மகளார் ஸைனப் (ரலி) அவர்கள் நபியவர்களின் வளர்ப்பில் வளர்ந்தவர்கள். ஹிஜ்ரி 73-ஆம் ஆண்டளவில், தாரிக் மதீனாவின் அமீராக இருந்தபோது வஃபாத்தானார்கள். தாரிக் ஸுப்ஹை இருள் பிரியுமுன்பே தொழுதுவிடுவார். ஸுப்ஹுக்குப்பின் ஜனாஸா கொண்டுவரப்பட்டு பகீஇல் வைக்கப்பட்டது. அங்கிருந்த இப்னு உமர் (ரலி) அவர்கள் குடும்பத்தாரை நோக்கி, ஒன்று இப்போதே தொழுங்கள், இல்லையேல் சூரியன் உயரும் வரை விட்டுவையுங்கள் என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் இதைப் பதிந்துள்ளார்கள். வேலிக்குள் தொழ இடமுண்டு. மூலமான அந்தக் கணத்தில் மட்டும் வேண்டாம் என்பதே அச்சொல்லின் பொருள். மாலையில் ஜனாஸாவை வைத்துக்கொண்டு உறவினரை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தாரும் இந்த அளவைக் கொண்டே நேரத்தை முடிவு செய்யலாம்: சூரியன் மஞ்சளிப்பதற்கு முன்போ, அல்லது மஃரிபுக்குப் பின்போ.